எட்டுக் குழி, ஏழு வேட்டு: திண்டிவனத்துக்கு ஜல்லி பார்க்கப் போன கதை

தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கிற ஜல்லியைப் பார்ப்பதற்காக யாராவது விடுமுறையில் ஊருக்குக் கிளம்புவார்களா? நாங்கள் கிளம்பினோம். எண்பதுகளின் நடுவில், ஒரு பொங்கல் விடுமுறையில், நானும் என் கணவரும். மயிலம் கோயில் பற்றி நான் எழுதியிருந்த பதிவின் கீழே, "அந்தப் பக்கம் கல்குவாரி பார்க்க முடியுமா, எப்படிப் போவது?" என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். உங்களுக்காகத்தான் பரணிலிருந்து பழைய டைரியை இறக்கினேன். இறக்கிய பிறகு இரண்டு நாள் அதைத் திறக்கவில்லை. ஏன் என்று போகப் போகத் தெரியும். எனக்கு டைப் அடிக்க வராது. நோட்டில் எழுதிக் கொடுத்தால் வலையேற்ற வீட்டில் ஆள் உண்டு. இதையும் நோட்டில்தான் எழுதுகிறேன்.

அப்போது நான் சிதம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் புவியியல் டீச்சர். இயற்கை வளங்களும் தொழில்களும் போக்குவரத்தும் என்று ஒரு பாடம். வருஷா வருஷம் அதையே ஒப்பிப்பேன். நிலக்கரி வங்காளம், பீகார் பக்கம் கிடைக்கிறது, இரும்புத்தாது அதற்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது, அதனால்தான் எஃகு ஆலைகள் அங்கே வந்தன, அந்தப் பாரத்தை இழுக்கத்தான் துறைமுகம் வரை ரயில்பாதை போட்டார்கள். இவ்வளவு பெரிய தேசத்தில் எந்த ஊருக்கு முதலில் ரயில் வந்தது என்பதை மண்ணுக்கடியில் இருக்கிற சரக்குதான் பாதி தீர்மானித்தது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்வேன். அந்த வருஷம் ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், அந்தத் தண்டவாளத்துக்குக் கீழே கல்லு கொட்டியிருக்கே, அது எங்கேருந்து வருது?" என்று கேட்டாள். நான் திருதிருவென்று முழித்தேன்.

எங்கள் பக்கம் எல்லாம் ஆற்று வண்டல். கிணறு தோண்டினால் களிமண்ணும் மணலும்தான் வரும், கல் வராது. வீட்டு அம்மி, கோயில் தூண், ரயில்பாதை ஜல்லி, எல்லாமே வெளியூர்ச் சரக்கு. அத்தனை வருஷம் அந்த ஜல்லியைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போயிருக்கிறேன், ஒரு நாளும் யோசித்ததில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

என் கணவர் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். நாள் முழுக்கக் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊர்களை இணைத்துவிடுகிற வேலை. காதுதான் எங்களுக்குச் சோறு போட்டது. அவர் ரயில்வேக்காரர்கள் யாரையோ விசாரித்து, "திண்டிவனம், மயிலம் பக்கத்துக் குன்றுகள்ல உடைக்கிறாங்களாம். பொங்கல் லீவுல போய்ப் பார்த்துட்டு வந்துடலாம். உன் பிள்ளைங்களுக்கு ஒரு கல்லும் எடுத்துட்டு வரலாம்" என்றார். அவருக்கு எதிலும் பயம் கிடையாது. எனக்கு எல்லாவற்றிலும் பயம். பாம்பு, மாடு, படகு, இடி, ஊசி, எல்லாம். அவர் என்னைச் செல்லமாகக் கூப்பிடுவதே பயந்தாங்கொள்ளி என்றுதான்.

காலை 5.20 பாசஞ்சர். விழுப்புரம் எண்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். டிக்கெட் ஆளுக்கு ஏழு ரூபாய் சொச்சம் என்று டைரியில் இருக்கிறது. கரி எஞ்சின். ஜன்னலோரம் உட்கார்ந்ததற்குத் தண்டனையாகக் கடலூர் வருவதற்குள் கண்ணில் மூன்று தடவை கரித்தூள் விழுந்தது. 8.40க்கு விழுப்புரத்தில் இறங்கியபோது என் வெள்ளைப் புடவை சாம்பல் நிறத்தில் இருந்தது.

விழுப்புரம் ஜங்ஷனில் எஞ்சின் மாற்றுவார்கள். தெற்கே கரி எஞ்சின், வடக்கே சென்னை வரைக்கும் மின்சார எஞ்சின். அந்த மேல்கம்பி விழுப்புரத்தோடு நின்றுவிடும். எங்கள் வண்டியின் டிரைவர் கழுத்தில் துண்டோடு இறங்கி நின்றார். அவரிடம் போய், இந்தக் கரி எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன்.

"வடக்கேருந்து வருதும்மா. எத்தினியோ நாளு வேகன்லயே கெடந்து வந்து சேருது. நடுவுல எங்கயாவது வெள்ளம் வந்துச்சின்னா இங்க எங்களுக்கு பேஜாரு."

"நெய்வேலி இதோ இருக்கிறதே? அந்தக் கரியைப் போட்டால் என்ன?"

அவர் சிரித்தார். "அது ஈரக் கரிம்மா, எஞ்சினுக்கு ஆவாது. அதை அங்கயே எரிச்சி கரண்ட்டு ஆக்கிடறாங்க. தோ, அந்தக் கம்பியில வருதே, அதான். இங்கேருந்து உங்கள திண்டிவனத்துக்கு இழுத்துக்கினு போவப்போறது அந்தக் கரிதான், போங்க."

பத்து வருஷம் பாடம் நடத்தியும் எனக்கு இப்படிச் சொல்லத் தெரிந்ததில்லை. பக்கத்துக் கரி கம்பி வழியாக வருகிறது, தூரத்துக் கரி வேகனில் வருகிறது, இரண்டும் இந்த ஒரு பிளாட்பாரத்தில் சந்திக்கின்றன. டைரியில் எழுதிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் தலையிலிருந்து ஆவி வீரிட்டுப் பீறிட்டது. நான் டைரியைப் போட்டுவிட்டு என் கணவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். ஃபயர்மேன் அடுப்புக் கதவைத் திறந்து காட்டினார், பார்க்க முடியவில்லை. அந்த வெள்ளை நெருப்பு என் பக்கம் தாவி வருவதாகவே தோன்றியது. "பயந்தாங்கொள்ளி, பயந்தாங்கொள்ளி" என்று அவர் பிளாட்பாரம் முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்தார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

9.55க்கு மின்சார வண்டி. திண்டிவனம் முப்பத்தெட்டு கிலோமீட்டர், 11 மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். மயிலம் தாண்டும்போது ஜன்னலில் மொட்டைப் பாறைக் குன்றுகள் தெரிந்தன; வண்டல் பூமிக்காரிக்கு அதுவே அதிசயம். திண்டிவனம் பஸ் நிலையத்துக்கு வெளியே மரக்காணத்து உப்பு லாரி, மல்லாட்டை என்று அங்கே சொல்கிற நிலக்கடலை மூட்டை லாரி, ஜல்லி லாரி மூன்றும் வரிசையாக நின்றன. உப்பு லாரியின் தகரம் துருப்பிடித்துச் சல்லடையாக இருந்தது. ஜல்லி லாரியின் பின்பக்கப் பட்டை வில்லாக வளைந்து கிடந்தது. ஒரு லாரியைப் பார்த்தே அது சுமக்கிற சரக்கைச் சொல்லிவிடலாம் போல. சாப்பாடு அங்கேயே முடித்துக்கொண்டு 1.15 டவுன் பஸ்ஸில் குவாரிப் பக்கம் ஏறினோம். டிக்கெட் எண்பது பைசா. சிதம்பரம் திரும்ப வேண்டுமானால் மாலை நாலரைக்குள் திண்டிவனம் ஸ்டேஷனுக்கு வந்தாக வேண்டும் என்று அவர் கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

1.55க்கு பஸ் நடுரோட்டில் நின்றது. முன்னால் ஒருவர் சிவப்புக் கொடியை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐம்பது வயது இருக்கும், காக்கி அரைக்கால் சட்டை, கழுத்தில் விசில். பெயர் ஏழுமலை. ரோட்டின் வலது பக்கம் இருநூறு முந்நூறு அடி தள்ளி, கருவேலம் புதர்களுக்கு அப்பால் குவாரி.

"வேட்டு வைக்கறாங்க. எல்லாரும் எறங்கி பஸ்ஸுக்கு இந்தாண்ட நில்லுங்க" என்றார் ஏழுமலை.

கண்டக்டர், "ஜல்தியா முடிக்கச் சொல்லுய்யா, டைம் ஆவுது" என்று அலுத்துக்கொண்டார். நாங்கள் இருபது பேர் இறங்கி பஸ்ஸின் மறைவில் நின்றோம். நான் ஏழுமலைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன், விஷயம் தெரிந்தவர் பக்கத்தில் நிற்பதுதான் பத்திரம் என்று. நான் டீச்சர், பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்றதும் அவர் முறையைச் சொன்னார். எத்தனை குழியில் மருந்து வைத்துத் திரி கொளுத்தியிருக்கிறார்கள் என்று மேலேயிருந்து கத்துவார்கள். இவர் இங்கே வேட்டை எண்ண வேண்டும். கணக்குச் சேர்ந்தால் கொடியை இறக்கலாம். ஒன்று குறைந்தாலும் அரை மணி நேரம் ஒரு ஈ காக்கை உள்ளே போகக் கூடாது. அதற்குப் பிறகு வெடி மேஸ்திரி மட்டும் போய்ப் பார்ப்பார்.

"குறைகிற அந்த வேட்டு வெடிக்காமலே போய்விடுமா?"

"சொல்ல முடியாதும்மா. திரி உள்ளுக்குள்ளயே கனிஞ்சிக்கினு கெடக்கும். நெனச்ச நேரத்துக்கு வெடிக்கும்."

மேலேயிருந்து, "எட்டுக் குழி!" என்று ஒரு குரல் வந்தது. நீளமாக ஒரு விசில்.

முதல் வேட்டு. சத்தம் காதில் கேட்டதா காலில் கேட்டதா என்றே தெரியவில்லை, நிலம் உதறியது. பஸ் கண்ணாடிகள் கடகடவென்று ஆடின. ஏழுமலை, "லாபம்" என்றார். என்ன மனுஷன் இவர், எனக்கு உயிர் போகிறது, இவர் முதலாளிக்கு லாபம் பார்க்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன். அதற்குள் இரண்டாவது. நான் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, கண்ணையும் இறுக்க மூடிக்கொண்டு, சாலையிலேயே குந்திவிட்டேன். அப்புறம் எத்தனை அதிர்ந்தது, எது வேட்டு, எது குன்றில் மோதித் திரும்பிய எதிரொலி, எனக்குத் தெரியாது. கடவுள் சத்தியமாக ஒன்றும் தெரியாது. கையை எடுத்தபோது ஏழுமலை, "ஏழு" என்று சொல்லிவிட்டுக் காது கொடுத்துக் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை.

"ஏழுதான் ஆச்சி. ஒண்ணு பாக்கி. எல்லாரும் குந்துங்க, அரை மணி" என்றார்.

பஸ் கூட்டம் முனகியது. என் கணவர் கடிகாரத்தைப் பார்த்தார். வெயில் சாய்வதற்குள் புதிதாக உடைந்த பாறையைப் படம் எடுக்க வேண்டும், கல் பொறுக்க வேண்டும், வண்டி பிடிக்க வேண்டும். என்னைத் தனியாக அழைத்து, "நீ எண்ணினியா?" என்று கேட்டார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? எண்ணவில்லை, காதைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் இன்னொரு பயந்தாங்கொள்ளி விழும், சிதம்பரம் போகும்வரை அதே கேலி. அது மட்டுமில்லை, எனக்கு ஒரு கணக்கும் கிடைத்திருந்தது. முதல் வேட்டுக்கு ஏழுமலை ஒண்ணு என்று சொல்லவே இல்லையே! லாபம் என்று ஏதோ பேசிவிட்டு, அதற்குப் பிறகுதானே எண்ணத் தொடங்கினார்? அப்படியானால் ஏழோடு ஒன்று, எட்டு.

"எட்டும் ஆச்சுங்க. அவர் முதல் வேட்டை விட்டுட்டார். பாவம், நாலு பேர் எதிர்ல சொல்ல வேண்டாம்னு இருக்கேன்" என்று குசுகுசுத்தேன்.

"நீ எண்ணினா தப்புமா?" என்றார். கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒதுங்கப் போகிறவர் மாதிரி பஸ்ஸின் பின்பக்கம் போனார். கருவேலம் புதருக்குள் அவர் வெள்ளைச் சட்டை கொஞ்ச தூரம் தெரிந்தது, அப்புறம் மறைந்துவிட்டது. அப்போது மணி 2.20. நான் ஒரு நல்ல டீச்சர் என்ற நினைப்போடு, பயம் கூடக் கொஞ்சம் குறைந்து, பஸ் நிழலில் உட்கார்ந்தேன்.

பக்கத்தில் இரண்டு பெண்கள். திண்டிவனத்தில் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து விதை மல்லாட்டை வாங்கி வந்திருந்தார்கள். சும்மா குந்தியிருக்கிற நேரத்தில் பிரித்துக்கொள்ளலாம் என்று ஒருத்தி துண்டை விரித்தாள், மற்றவள் படியால் மூட்டையிலிருந்து அள்ளினாள். முதல் படியைத் துண்டில் கொட்டினாள்.

"லாபம்" என்றாள்.

அடுத்த படி. "ரெண்டு." அடுத்தது. "மூணு."

"இப்ப என்ன சொன்னீங்க? முதல்ல என்ன சொன்னீங்க?" என்று அவள் கையைப் பிடித்தேன்.

"லாபம்னு சொன்னேன். மொதப் படிய ஒண்ணுன்னு சொல்வாங்களா? லாபம்னுதான் ஆரம்பிப்பாங்க. இன்னா டீச்சரம்மா, மூஞ்சி இப்படி வெளுத்துப்போச்சி?"

லாபம் என்றால் ஒன்று. ஏழுமலை ஒன்றையும் விடவில்லை. ஏழுதான் வெடித்திருக்கிறது. எட்டாவது உள்ளே கனிந்துகொண்டிருக்கிறது, என் கணவரை நான் அங்கே அனுப்பியிருக்கிறேன்.

எழுந்து ஓடினேன். ஏழுமலையின் முன்னால் போய் நின்றேன். குவாரிப் பக்கம் கையைக் காட்டி, "என் வீட்டுக்காரர், என் வீட்டுக்காரர் உள்ளே" என்று மட்டும் சொன்னேன். அவர் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. விசிலை வாயில் வைத்துக்கொண்டு, கொடியோடு புதருக்குள் ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். மல்லாட்டைக்காரப் பெண் என் முந்தானையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளி, என் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "வுடு, என்னை வுடு" என்று அவள் பாஷையிலேயே நான் கத்தினேனாம், பிறகு கண்டக்டர் சொன்னார். விசில் சத்தம் தூரமாகப் போய்க்கொண்டே இருந்தது. அவருக்குக் கேட்டிருக்குமா, திரும்பியிருப்பாரா? என் தாலியை வாயில் கடித்துக்கொண்டிருந்தேன்.

வெடித்தது. முன்னே வெடித்த ஏழும் ஒன்றுமில்லை என்கிற மாதிரி வெடித்தது. பஸ் கூரைமேல் கல் மழை. புகை புதரைத் தாண்டி ரோட்டுக்கே வந்தது. விசில் சத்தம் நின்றுபோயிருந்தது.

எத்தனை நேரம் அப்படிக் கிடந்தேன் என்று டைரியில் இல்லை. மற்ற எல்லா நேரமும் எழுதியிருக்கிறேன், இது மட்டும் இல்லை.

புகைக்குள்ளிருந்து முதலில் கொடி தெரிந்தது. ஏழுமலை அவரைக் கைப்பிடித்து நடத்திக்கொண்டு வந்தார். ரயில்வேக்கு அனுப்பக் குவித்திருந்த ஜல்லிக் குவியலின் இந்தப் பக்கம் உட்கார்ந்து, என் பிள்ளைகளுக்காக நல்ல கல்லாகப் பொறுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். விசில் கேட்டு எழுந்தவரை ஏழுமலை அமுக்கிக் கீழே தள்ளவும் வேட்டு வெடிக்கவும் சரியாக இருந்ததாம். தலை முதல் கால் வரை மாவு பூசிய மாதிரி இருந்தார். கையில் ஒரு கல்லை விடாமல் பிடித்திருந்தார். இடது காதிலிருந்து மெல்லிசாக ரத்தம் இறங்கியிருந்தது.

"ஏன் எல்லாரும் வாயை மட்டும் அசைக்கிறீங்க?" என்று சத்தமாகக் கேட்டார்.

அதற்குள் மேலேயிருந்து மேஸ்திரி ஓடிவந்து ஏழுமலையின் சட்டையைப் பிடித்தார். "கொடியப் புடிச்சிக்கினு இன்னாய்யா பண்ணிக்கினு இருந்த? ஆளு உள்ள வர்ற வரைக்கும் தூங்கிக்கினு இருந்தியா? நாளையிலேருந்து இந்தப் பக்கம் வராத!"

ஏழுமலை கொடியைச் சுருட்ட ஆரம்பித்தார். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "அவர் மேல தப்பு இல்லை. அவர் ஏழுன்னுதான் சொன்னார், போகக் கூடாதுன்னுதான் சொன்னார். நான் எண்ணவே இல்லை. காதைப் பொத்திக்கிட்டிருந்தேன். எட்டும் வெடிச்சாச்சுன்னு பொய் சொல்லி நான்தான் அனுப்பினேன்" என்று அழுதுகொண்டே கத்தினேன். மேஸ்திரி சட்டையை விட்டார். ஏழுமலை என்னையே பார்த்தார். "களத்துல எண்ற மாதிரிதாங்க எண்ணினேன். டீச்சருக்கு லாபம்னா தெரியாதாங்க?" என்று கேட்டார். கேலியே இல்லை, நிஜமாகவே அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

பஸ்ஸில் வந்த அத்தனை பேருக்கும் நான் சொன்னது கேட்டது. பக்கத்தில் நின்றிருந்த அவருக்கு மட்டும் கேட்கவில்லை.

திண்டிவனம் ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி இருந்தோம். வலது காது கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது, இடது காது திரும்பவே இல்லை. தொலைபேசிப் பலகையிலிருந்து அவரைக் கோப்புப் பிரிவுக்கு மாற்றினார்கள். விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் அவர் ஒரே கதைதான் சொன்னார்: "என் பெண்டாட்டி எட்டு எண்ணிட்டா. அவ கணக்கு தப்பாது. படுபாவிங்க ஒன்பது குழி வெச்சுட்டு எட்டுன்னு கத்தியிருக்காங்க." நான் காபி டம்ளரைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். நாற்பது வருஷமாக உள்ளே போய்க்கொண்டே இருக்கிறேன்.

இனி கேட்டவர்களுக்கு. விழுப்புரம், திண்டிவனம் இரண்டும் இப்போது அகலப் பாதை, கரி எஞ்சின் கிடையாது, கண்ணில் தூள் விழாது. ஜல்லி பார்க்கக் குவாரிக்குள் போக வேண்டியதே இல்லை; பிளாட்பாரத்தில் நின்று குனிந்தாலே போதும். உங்கள் ஊர் ரயில் எந்தக் குன்றின் மேல் ஓடுகிறது என்று ஸ்டேஷனில் யாரையாவது கேளுங்கள், சொல்வார்கள். சிவப்புக் கொடி பார்த்தால் நில்லுங்கள். அரை மணி என்றால் அரை மணி. யாராவது "எண்ணினியா?" என்று கேட்டு, நீங்கள் எண்ணியிருக்காவிட்டால், எண்ணவில்லை என்று சொல்லிவிடுங்கள். மயிலம் போகிறவர்கள் தண்ணீர் எடுத்துக்கொண்டு போங்கள், வெயில் தாங்காது.

அந்தக் கல் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. கூடத்துக் கதவு அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுத்திருக்கிறோம். அவருக்கு இப்போது வலது காதும் மந்தம். எதைச் சொல்வதானாலும் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்த வேண்டும், இதைக் கத்திச் சொல்ல எனக்கு ஒரு நாளும் தைரியம் வரவில்லை. என் பதிவுகளை டைப் அடிக்கிற ஆள் அவர்தான். என் கையெழுத்தில் ஒரு எழுத்து விடாமல் படிப்பார்.

என்னங்க, குழி எட்டுதான்.

நோட்டை உங்கள் மேசைமேல் வைத்துவிட்டு நான் கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறேன். வாசகர்களே, இந்தப் பதிவு உங்கள் கண்ணில் பட்டிருந்தால், அவர் இதைக் கடைசி வரி வரை டைப் அடித்துவிட்டார்.